செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் மின்சிக்கனச் சீரமைப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வெளியூர்களிலிருந்து இதற்காகவே வந்திருக்கும் அண்ணன்மார், ஆச்சிமார்களுக்கும், கொத்தனார், தச்சர் நண்பர்களுக்கும் வணக்கம்.

பழைய வீடுகளில் மின்செலவைக் குறைக்கும் சீரமைப்பை இனி ஊருக்கு ஊர் தனியாகச் செய்வதில்லை, ஆளையும் பொருளையும் எல்லா ஊர்களும் பகிர்ந்துகொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை, அப்புறம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், அரிமளம், கடியாபட்டி ஆகிய ஊர்களின் உறுப்பினர்கள் இந்த ஆண்டு அதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

இது சுலபமான காரியமில்லை. வீடுகள் ஒரே மாதிரி. அலுவலகங்கள்தான் வேறு வேறு. காரைக்குடி 2024 முதல் மாநகராட்சி. பள்ளத்தூரும் கானாடுகாத்தானும் பேரூராட்சிகள், ஆத்தங்குடி ஊராட்சி, ராயவரம் பக்கம் போனால் மாவட்டமே மாறிவிடுகிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் ஏறியபோது நம் ஊர்களைச் சேர்த்தேதான் பார்த்தார்கள். வேலையிலும் நாம் அப்படிச் சேர்ந்து நிற்க இத்தனை நாள் ஆகிவிட்டது.

பள்ளத்தூர் வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்ற ஊர்களுக்கும் அதுதான் பாடமாக இருந்தது. அங்கே ஒரு வீட்டில் மழைக்கும் புறாவுக்கும் பயந்து, வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றமான வளவுக்கு மேலே ஃபைபர் ஷீட் போட்டு அடைத்திருந்தார்கள். வளவு வானம் பார்த்து இருந்தவரை சூடேறிய காற்று மேலே போய்விடும், முகப்பிலிருந்து கொல்லைவரை நேர்வாசல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஷீட் போட்டதும் அந்த ஓட்டம் நின்றுபோனது. வெக்கை தாங்காமல் ஓர் அறைக்கு ஏசி வந்தது, பிறகு அடுத்த அறைக்கும் வந்தது. ஏசிக்காகச் சாளரங்களை அடைத்தார்கள். அடைத்ததும் சுவரில் ஈரம் தங்கியது. ஈரத்தை மறைக்கச் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. நாங்கள் போய்த் தட்டிப் பார்த்தபோது இடுப்பு உயரம்வரை பூச்சு பொத்தென்று சத்தம் கொடுத்தது. விரலால் நெம்பினால் உப்பு பூத்த செங்கல் தெரிந்தது.

ஷீட்டை எடுத்துவிட்டு, ஓட்டுக்கு மேலே நாலு பக்கமும் இடைவெளி விட்டு உயரமான கூரை ஒன்றும், புறா நுழையாதபடி வலையும் போட்டோம். ராயவரத்துக் கொத்தனார் வந்து சிமெண்டைக் கொத்தி எடுத்தார். நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்போடு மணலும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசினார். மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். அந்த வீட்டு ஆச்சி கத்திரி வெயிலில் மத்தியானம் வளவை ஒட்டிய பட்டாலைத் திண்ணையில் படுத்துத் தூங்கியதாகச் சொன்னார்கள். இந்த அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான். வெளிநாட்டுக் கட்டடங்களைப் போல நாம் புதிதாகப் போர்த்தி அடைக்க வேண்டியதில்லை. பின்னால் வந்து சேர்ந்ததை எடுத்தாலே நம் வீடுகளுக்குப் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஓர் ஊரில் ஆள் இருக்கும், வேலை இருக்காது. இன்னோர் ஊரில் வேலை இருந்தும் ஆள் கிடைக்காமல் சிமெண்டிலேயே முடித்துவிடுவார்கள். இப்போது அரைவை இயந்திரம் பொதுவாக ஊர் ஊராகப் போகிறது. மேஸ்திரிகள் இளைஞர்களை உடன் வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்களுக்குக் கூலியை உயர்த்திக் கொடுக்க வேண்டும் என்று செயற்குழுவை இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். இடிக்கும் வீடுகளின் கூரை ஓடுகளும் தேக்குச் சட்டங்களும் வெளிமாநிலம் போகாமல் நம்மிடமே தங்க ஒரு பொதுக் கிட்டங்கியும் தேவை.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு லாரியில் வரும் பளபளப்புக் கல்லுக்காக அதைப் பெயர்க்காதீர்கள்.

மின்விசிறிகளை மொத்தமாக வாங்கியதில் எல்லா ஊர்களுக்கும் விலை குறைந்தது. பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டார் விசிறிக்கு ஏறக்குறைய 30 வாட் போதும். ஏசி அவசியம் என்பவர்கள் 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது.

சூரிய மின்தகடு விஷயத்தில்தான் தடங்கல். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் நம் வீடுகளில் மின் இணைப்பு இன்னமும் ஐயா, அதாவது தாத்தா பெயரிலேயே இருக்கிறது. பங்காளிகள் ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். பெயர் மாற்றத்துக்கு எல்லோருடைய கையெழுத்தும் சேர்வதற்குள் வருஷம் ஓடிவிடுகிறது. இதற்காக ஒவ்வோர் ஊரிலும் ஒருவரைப் பொறுப்பாக்கியிருக்கிறோம். தகட்டை ஓட்டுச் சரிவில் ஏற்ற வேண்டாம். கொல்லைக் கொட்டகையோ பின்கட்டுத் தளமோ போதும்.

பழைய இரும்பு உத்திரங்கள் துருப்பிடித்த வீடுகளில் மேலே எதையும் ஏற்றுமுன் பரிசோதனை வேண்டும். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. துரு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற நிறுவனம் அது. வரும் ஆண்டில் அவர்களிடம் முறையாக ஆலோசனை கேட்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன், ஆதரிக்க வேண்டுகிறேன்.

பழைய மரப்பட்டி வயரிங் இருக்கும் வீடுகளை எலக்ட்ரீசியன்கள் பார்த்துத் தந்த பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சாப்பாட்டுக்குப் போகுமுன் வளவை அடைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கோடை தொடங்குவதற்குள் எந்த ஊருக்கு எந்த மேஸ்திரி என்று பிரித்துவிடலாம். உழைத்த எல்லோருக்கும் என் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்