சிப் வரும்வரை ஐஎம்ஏ காத்திருக்கட்டும்: லினக்ஸ் கர்னல் பராமரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

லினக்ஸின் மையமான கர்னலில் டிபிஎம் (கருவியை நம்பலாமா என்பதற்குச் சான்று தரும் பாதுகாப்புச் சிப்), ஐஎம்ஏ (ஓடும் கோப்புகளை அளந்து அந்தச் சிப்பில் பதியும் பகுதி) ஆகியவற்றைக் கவனித்துவரும் அன்பர்களுக்கு வணக்கம்.

விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. சிப்புகளை இணைக்கும் எஸ்பிஐ பஸ்ஸில் டிபிஎம் வைத்த எத்தனையோ ஆர்ம் போர்டுகளின் பூட் லாகில் (கருவி எழும்போது எழுதப்படும் பதிவில்) இந்த வரி இருக்கிறது: ‘நோ டிபிஎம் சிப் ஃபவுண்ட், ஆக்டிவேட்டிங் டிபிஎம்-பைபாஸ்!’ அதாவது, டிபிஎம் சிப் இல்லை, அது இல்லாமலே தொடர்கிறேன். சில வரிகள் தள்ளி, அதே சிப் கிடைத்துவிட்டதாக டிரைவர் சொல்கிறது. அதற்குள் ஐஎம்ஏ முடிவெடுத்துவிட்டது. அடுத்த பூட் வரை அந்தச் சிப்பைத் திரும்பியும் பார்க்காது. அடுத்த பூட்டிலும் இதே கதைதான்.

ஒரு கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு, மலைமேல் இருக்கும் எங்கள் கருவி ஒன்றை சர்வர் நம்ப மறுத்தது. ஐஎம்ஏவின் அளவீடுகள் சேரும் சிப்பின் பதிவகமான பிசிஆர் 10-ஐப் படித்தால் ஷா-256 வரிசையில் 64 பூஜ்யங்கள், வேறு ஒன்றுமில்லை; எதுவும் பதியப்படவே இல்லை. சிப் போய்விட்டது என்று நினைத்து எங்கள் டெக்னீஷியன் மழையில் மேலே ஏறிப்போய், பெட்டியைத் திறந்து, டிபிஎம் மாட்யூலைக் கழற்றிப் புதியதை மாட்டினார். மறுபடி 64 பூஜ்யங்கள். கழற்றிய சிப்பை இங்கே சோதித்தால், கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. பழுதில்லாத சிப்புக்காக ஒரு மனிதர் அந்த மழையில் மலை ஏற வேண்டியிருந்தது.

காரணத்தை நீங்களே அறிவீர்கள். எஸ்பிஐ கன்ட்ரோலர் கிளாக் டிரைவருக்காகக் காத்திருந்தால், டிபிஎம்மின் முறையும் தள்ளிப்போகிறது. தள்ளிப்போனவற்றை மறுபடி அழைப்பது, கர்னல் எழும்போது இறுதியில் வரும் ‘லேட் இனிட்கால்’ கட்டத்தில். ஐஎம்ஏ எழுவதும் அதே கட்டத்தில்தான். ஒரே கட்டத்துக்குள் யார் முந்துவது என்பதை, கர்னலைக் கட்டும்போது கோப்புகள் இணைக்கப்படும் லிங்க் வரிசை தீர்மானிக்கிறது. அதில் செக்யூரிட்டி கோப்பகம் டிரைவர்ஸ் கோப்பகத்துக்கு முன்னால் நிற்கிறது. ஒரு கருவியை நம்பலாமா என்ற கேள்வி அந்த வரிசையை எழுதிவைத்த மேக்ஃபைலில் தொங்குவது சரிதானா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஐஎம்ஏ 2009-இல் 2.6.30 பதிப்போடு கர்னலுக்குள் வந்தது. கர்னலைக் கட்டும்போது அதை இயக்கினால் எக்ஸ்86-க்கு டிபிஎம்முக்கான டிஐஎஸ் டிரைவர் தானாகக் கர்னலோடு சேர்கிறது. ஐபிஎம் பவருக்கும் அதற்கான டிரைவர் சேர்கிறது. எஸ்பிஐ சிப்புக்கு ஏன் எதுவுமில்லை? பாதுகாப்பின் அடித்தளமே இல்லாமல் போனதை வெறும் ‘இன்ஃபோ’ தகவலாக எழுதுகிறீர்களே, தகவல்களைக் குறைக்கும் ‘கொயட்’ போட்டு பூட் செய்தால் அது திரையில்கூட வராதே. இதைப் பிழை என்று சொல்ல ஏன் தயக்கம்?

சரி, கோபத்தை நிறுத்திக்கொள்கிறேன். முதல் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே அளவீடு தொடங்கியாக வேண்டும் என்ற உங்கள் வாதம் நியாயமானது. ஆனால் அதற்கு முன்னால் ‘லேட் இனிட்கால் சிங்க்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே! தள்ளிப்போன டிரைவர்கள் எழுந்த பிறகு வருவது அது. தயவுசெய்து ஐஎம்ஏவை அங்கே நகர்த்துங்கள். சிப் வரும்வரை அது காத்திருக்கட்டும். டிரைவரைக் கர்னலோடு சேர்க்காமல், பின்னால் ஏற்றும் மாட்யூலாக வைத்திருப்பவர்களுக்கு இது போதாது என்று தெரியும். அவர்களுக்காக, சிப் இல்லையென்றால் பூட்டையே நிறுத்தச் சொல்லும் ஒரு பூட் பாராமீட்டர் கொடுங்கள்; பைபாஸ் வேண்டுமா என்பதைக் கருவியின் சொந்தக்காரர் முடிவு செய்யட்டும்.

பேட்ச் வந்தால் எங்களிடம் உள்ள எல்லா எஸ்பிஐ போர்டுகளிலும் சோதித்து, முழு பூட் லாகும் அனுப்பித் தருகிறோம்.

பணிவுடன்,
உங்கள் கர்னலை நம்பிக் கருவி செய்யும் ஒருவன்