பில் இல்லாத ஊசி

அன்புள்ள சுமதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். சாரல் இந்த வருஷம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் சித்தி வீட்டு வளைகாப்புக்குப் போனாள். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் மகள் எடுத்துத் தந்தது என்று சொன்னாள். உன் பதவி உயர்வையும் சேர்த்துத்தான்.

போன் பண்ணினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நம் மருந்துக் கடைக்கு இப்போதெல்லாம் எடை குறைக்கிற ஊசி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது, ஜூனில் வெகோவி. அதிலிருந்து இந்தப் பேச்சுதான். உன் வயதுப் பெண் ஒருத்தி, "ஜிம் மாஸ்டர் பாதி விலைக்குத் தருகிறார், நீங்கள் மட்டும் ஏன் சீட்டு கேட்கிறீர்கள்?" என்றாள். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது, அது சட்டம் என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, சுற்றி வளைப்பானேன். அம்மா பெங்களூரு வந்திருந்தபோது உன் பிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன பாட்டிலையும் இன்சுலின் சிரிஞ்சுகளையும் பார்த்திருக்கிறாள். நீ இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாததையும் பார்த்திருக்கிறாள். உன்னிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஊருக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

பாட்டில் என்பதற்காகச் சொல்லவில்லை. மவுஞ்சாரோவே இங்கே முதலில் பாட்டிலாகத்தான் வந்தது. ஆனால் இதில் லேபிள் இல்லையாம். கம்பெனி பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, காலாவதி தேதி இல்லை. சின்ன வயதில் கடைக்கு வந்து தேதி பார்த்து அட்டைகளைப் பிரித்து வைத்தவள் நீ. தேதி மங்கிப்போன ஒரு பாட்டிலை விற்கக் கூடாது என்று ஒரு பெரியவரிடமே சண்டை போட்டவள். உனக்கா இதை நான் எழுத வேண்டும்?

போலி எப்படி இருக்கும் என்று கேள். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் போட்டுக்கொண்ட சிலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சர்க்கரை சட்டென்று இறங்கி வலிப்பு வரை போனது. உள்ளே இருந்தது இன்சுலினாக இருக்கும் என்று அங்குள்ள அதிகாரிகள் சொன்னார்கள். ஓசெம்பிக்கிலும் வெகோவியிலும் இருக்கிற மருந்துக்குப் பெயர் செமாகுளுடைடு. அடுத்த வருஷம் ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாகுளுடைடு பற்றி எச்சரிக்கை விட்டது. மருந்து அசல் என்றாலும் பாட்டிலிலிருந்து நாமே அளந்து எடுத்தால் கணக்கு தவறும். மில்லிகிராம் வேறு, சிரிஞ்சில் இருக்கிற யூனிட் வேறு. அமெரிக்காவில் ஐந்து மடங்கு, இருபது மடங்கு என்று ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு.

மருந்தே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். செமாகுளுடைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் சேர்த்து. வேண்டும் என்று டாக்டர் சொன்னால் போட்டுக்கொள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறுத்தினால் எடை திரும்ப ஏறும் என்பதையும் அவரிடம் பேசிவிடு. அவர் 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, வாரம் ஒரு ஊசியாக நாலு வாரம் பார்த்துத்தான் ஏற்றுவார். கணையம், பித்தப்பைக் கல் பற்றியெல்லாம் கேட்பார்.

வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா என்றும் கேட்பார். உனக்கு அந்தப் பாட்டிலைக் கொடுத்த ஆள் கேட்டானா? அத்தைக்கு மதுரையில் என்ன ஆபரேஷன் என்று உனக்குத் தெரியும். எல்லாத் தைராய்டு புற்றுநோயும் இதில் சேராது. மெடுல்லரி என்ற வகை ரத்த உறவில் இருந்தால் இந்த ஊசியைத் தொடவே கூடாது. அத்தைக்கு வந்தது எந்த வகை என்று பயாப்ஸி ரிப்போர்ட்டில்தான் இருக்கும். அந்த பைல் இப்போது அவள் மகன் வீட்டில். அது கைக்கு வரும்வரை ஊசி வேண்டாம். கண்ணு, ஒரு சொட்டுகூட வேண்டாம்.

இன்னொன்று. இதை அம்மாதான் கேட்கச் சொன்னாள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு. செமாகுளுடைடு என்றால் இரண்டு மாதம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். மவுஞ்சாரோ என்றால் கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது குறைக்கும். இதற்கு மேல் எனக்குப் பதில் எழுத வேண்டாம், அம்மாவிடம் பேசு.

வாங்கும்போது லைசென்ஸ் மாட்டியிருக்கிற கடையில் வாங்கு. பில் கேட்டு வாங்கு, பில்லில் இருக்கிற பேட்ச் நம்பரும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பார். திறக்காத ஊசி 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் இல்லாமல் சாதாரண கவரில் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பு. பணம்தான் யோசனை என்றால் நான் மாதா மாதம் அனுப்புகிறேன். உன் சம்பளத்துக்கு என் பணம் எதற்கு என்று சொல்லாதே. பில் கேள். பில் இல்லாமல் எதுவும் வேண்டாம்.

பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதே. அப்படியே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டு, எத்தனை தடவை போட்டாய் என்று மறைக்காமல் சொல். இடையில் வயிற்றுவலி முதுகு வரை போனாலோ வாந்தி நிற்காவிட்டாலோ எங்களிடம் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் பைலை வாங்கி வருகிறேன். திங்கள் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவேன், உன் மீட்டிங்குக்கு முன்னால். எடு.

அன்புடன்,
அப்பா