எட்செல் தோற்றதற்கு முகமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஃபோர்டின் எட்செல் காரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முன்பக்க கிரில் குதிரையின் கழுத்துப்பட்டை மாதிரி இருந்தது, பெயரும் யாருக்கும் பிடிக்கவில்லை, அதனால் கார் விலைபோகவில்லை என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னால் இதை ஏற்க முடியவில்லை.

எட்செல்லுக்கென்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட டீலர்களைப் பிடித்த நிறுவனம், அதற்கென்று ஒரு தொழிற்சாலை கட்டவில்லை. எட்செல் மாடல்களில் ரேஞ்சர், பேஸர் இரண்டும் ஃபோர்டு லைனில் வந்தன. கோர்சேர், சைட்டேஷன் இரண்டும் அதே நிறுவனத்தின் இன்னொரு பிராண்டான மெர்க்குரியின் லைனில் வந்தன. கை பழகிய வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் வேறொரு வண்டி வந்தால், தொழிலாளி வேறு பெட்டியிலிருந்து வேறு பாகத்தை எடுத்து மாட்ட வேண்டும். லைனோ அவருக்காக நிற்காது. தவறு நடக்காமல் இருக்குமா? சில வண்டிகள் பாகங்கள் குறைவாகவே டீலரிடம் போய்ச் சேர்ந்தன. எதெது மாட்டவில்லை என்று எழுதிய சீட்டு ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்ததாம். புது வண்டி எடுக்க வந்தவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்!

டெலிடச் என்ற வசதியையும் சொல்ல வேண்டும். வழக்கமாக ஹாரன் இருக்கும் இடத்தில், ஸ்டீயரிங்கின் நடுவில், கியர் மாற்றும் பொத்தான்கள். அழுத்தினால் ஒரு மின் மோட்டார் கியரை மாற்றும். நல்ல யோசனைதான். ஆனால் மேட்டில் நிறுத்திய வண்டியை ‘பார்க்’ நிலையிலிருந்து விடுவிக்க அந்த மோட்டாருக்கு வலு போதவில்லை. முதலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அப்புறம் ‘பார்க்’ பொத்தானை அழுத்துங்கள் என்று டீலர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

நேரமும் சரியில்லை. 1957 செப்டம்பர் 4 அன்று கார் அறிமுகமானபோது அமெரிக்காவில் பொருளாதார மந்தம் தொடங்கிவிட்டது. முதலில் அடி விழுந்தது நடுத்தர விலைக் கார்களுக்குத்தான். சிக்கனமான ராம்ப்ளர் காரோ நன்றாக விற்றது. போதாக்குறைக்கு, விலை குறைந்த எட்செல் ஃபோர்டோடும் விலை கூடியது மெர்க்குரியோடும் மோதின. முதல் வருஷம் 2 லட்சம் வண்டி எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவில் 63 ஆயிரம் சொச்சம்தான் விற்றது. 1959 நவம்பர் 19 அன்று நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். 1960 மாடலில் மூவாயிரம்கூடத் தேறவில்லை.

பெயரைக் குறை சொல்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம். ஹென்றி ஃபோர்டின் ஒரே மகன் எட்செல் 1943-இல், 49 வயதில் இறந்தவர். இந்தக் காருக்கும் அவருக்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் கிடையாது. மாடல் டி என்ற பழைய காரையே பிடித்துக்கொண்டிருந்த தந்தையோடு வாதாடி, அடுத்த காரான மாடல் ஏ வர வழி செய்தவர் அவர். லிங்கன் கான்டினென்டல் என்ற சொகுசுக் கார் அவர் தமக்காகச் செய்யச் சொன்ன வண்டியிலிருந்து பிறந்தது. அவரைப் பற்றியும் உங்கள் இதழில் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
அம்பத்தூர்