திரும்பி வந்த சிப்பாய்களின் பதிவுகள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் தொடர்ச்சியாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போரில் இறந்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்று அவ்வளவு கஷ்டமில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் போதும். இரண்டாம் உலகப் போரில் மாண்ட சுமார் 87,000 இந்திய வீரர்களில் அவர் இருந்தால், எந்த ஊரில், எந்த நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் இருக்கிறது என்பதுவரை வந்துவிடும். ரங்கூனுக்கு வெளியே தவுக்யானில் உள்ள நினைவு மண்டபத்தின் தூண்களில் மட்டும் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன.

ஆனால் அந்தப் போரின்போது இந்தியப் படையில் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். பெரும்பாலோர் உயிரோடு ஊர் திரும்பினார்கள், நிலத்தில் இறங்கினார்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார்கள், வயதாகிச் செத்தார்கள். இவர்களைத் தேட அப்படி ஒரு பொதுப் பட்டியல் கிடையாது. என் தாத்தா இவர்களில் ஒருவர்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் எங்கள் வீட்டுக்கு இன்றும் பட்டாளத்தார் வீடு என்றுதான் பெயர். தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தார், பர்மாவில் பெரிய ஆறு ஒன்றின் மேல் பாலம் போட்டார்கள், மலேரியா வந்து பிழைத்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அவர் எந்த வருடம் சேர்ந்தார், எந்தக் கம்பெனி, எங்கெல்லாம் போனார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இதே சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். அவர் பெயர் நிலைத்திருக்கிறது, நிலைக்கவும் வேண்டும். ஆனால் விருது வாங்காமல் வேலையை முடித்துவிட்டு வந்த சாதாரண சாப்பருக்கு ஒரு வரியாவது எங்காவது இருக்க வேண்டாமா?

இப்படித் தேட நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வீட்டில் பதக்கம் ஏதாவது இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெயர் இருக்காது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பலவற்றின் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு போர்ப் பதக்கம். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ஆறாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். பாட்டி ஒவ்வொரு பொங்கலுக்கும் பூஜைச் சாமான்களோடு அதையும் புளி போட்டுத் தேய்த்து வைத்ததில் ராஜாவின் மூக்கே மழுங்கிப்போயிருந்தது. விளிம்பில் மெல்லிய தாளைச் சுற்றி, மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தோம். எண் வந்தது. பெயரில் பாதி வந்தது. எண் கிடைத்ததுதான் பெரிய விஷயம். முனுசாமிகளும் கோவிந்தன்களும் பட்டாளத்தில் எத்தனையோ பேர். படை எண் ஒருவருக்கு ஒன்றுதான்.

பெயரை நம்பி மட்டும் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேர்த்துக்கொண்ட குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதுதான் பதிவில் நிற்கும். அப்பா பெயர், ஊர், தபால் நிலையம், தாலுகா என்று பழைய பெயர்களிலேயே கேளுங்கள். இன்றைய திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் அன்றைய பதிவில் வட ஆற்காடுதான்.

சரி, எண் கிடைத்துவிட்டது, யாரிடம் கேட்பது? பலரும் டெல்லிக்கோ லண்டனுக்கோ எழுதுகிறார்கள். இந்தியச் சிப்பாய்களின் பணி ஆவணங்கள் இங்கேதான், அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்தில் இருக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் வெலிங்டன். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் அஞ்சல் ஆணை இணைத்து விண்ணப்பிக்கலாம். தனிநபர் தகவல் என்று தட்டிக்கழிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். 20 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தவை பற்றிய தகவலுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அதே சட்டத்தின் 8(3) பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

எங்களுக்குப் பதில் மரியாதையாகவே வந்தது. ஓய்வூதியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்பது ராணுவ விதி, அதன்படி அவை அழிக்கப்பட்டுவிட்டன என்று எழுதியிருந்தார்கள். போர் முடிந்ததும் லட்சக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வூதியத்துக்கு வேண்டிய வருடங்கள் அவர்களில் மிகப் பலருக்குக் கிடையாது, கையில் ஒரு தொகையைக் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது. அதனால் 1946-ல் வெளியே வந்த ஒருவரின் ஆவணம் எழுபதுகளிலேயே போயிருக்கும். நிறையக் குடும்பங்கள் இந்தப் பதிலோடு தேடுவதை நிறுத்திவிடுகின்றன.

அங்கே நிற்காதீர்கள். லாங் ரோல் என்று ஒரு பதிவேடு உண்டு. ஆளுக்கு ஒரு வரி, எண் வரிசையில். கோப்புகளை அழித்தாலும் இதை அழிப்பதில்லை. லாங் ரோல் நகல் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டோம். வந்தது. தாத்தாவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, காரணம். ஒரே வரிதான். பெரிய அத்தை அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே, அவர் சேர்ந்த மாதத்தையும் தன் அண்ணன் பிறந்த மாதத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, “கைக்குழந்தையை விட்டுட்டுப் போயிருக்காரு” என்றார். அதுவரை வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

அந்த வரியில் கம்பெனி எண் இல்லை. கம்பெனி தெரியாமல் அவர் எந்த ஆற்றில் பாலம் போட்டார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பர்மாவில் சிண்ட்வின் என்ற ஆற்றில் கலேவா என்ற இடத்தில் 1944 டிசம்பரில் 1,154 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம், அதாவது தயாராக வரும் இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடும் பாலம், போட்டார்கள். அந்த வகைப் பாலங்களில் அன்றைக்கு உலகத்திலேயே நீளமானது அதுதான் என்றார்கள். தாத்தா சொன்னது அதைத்தானோ என்ற எண்ணம் எனக்கு.

கம்பெனி எண் கடைசியில் கிடைத்த இடம் அத்தையின் டிரங்குப் பெட்டி. ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாத நிதியுதவி கொடுக்கிறது அல்லவா, தாத்தா இறந்தபின் பாட்டி அதற்கு மனு போட்டிருக்கிறார். மனுவோடு வைக்க, தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை நகைக்கடன் ரசீதுகளோடு அத்தை பத்திரப்படுத்தியிருந்தார். அசல் எப்போதோ செல்லரித்துவிட்டது. அந்த ஜெராக்ஸில் கம்பெனி எண் இருக்கிறது, பெற்ற பதக்கங்களின் பெயர்கள் இருக்கின்றன, மேலதிகாரி எழுதிய இரண்டு வரி நற்சான்றும் இருக்கிறது.

கம்பெனி எண் தெரிந்தால், அந்தக் கம்பெனி போரின்போது அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்பைத் தேடலாம். தென்கிழக்கு ஆசியப் போர்முனையின் நாட்குறிப்புகள் லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. வாசகர் அட்டை எடுத்துக்கொண்டால் நாமே இலவசமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போவதாகச் சொல்லியிருக்கிறான். நாட்குறிப்பில் சிப்பாய்களின் பெயர் அநேகமாக வராது, அதிகாரிகள் பெயர்தான் வரும். பரவாயில்லை. அந்தக் கம்பெனி எந்த நாளில் எங்கே இருந்ததோ, தாத்தாவும் அங்கேதான் இருந்திருப்பார்.

இனி நான் கேட்க வந்த விஷயம். எங்கள் வீட்டில் ஒரு ஜெராக்ஸ் மிஞ்சியது. பாட்டி கொடுத்த இன்னொன்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அந்த நிதியுதவி கேட்டு மனுப்போட்ட வீரர்களும் விதவைகளும் தமிழ்நாடு முழுக்க எத்தனை பேர்! ஒவ்வொரு மனுவோடும் போரில் இருந்ததற்கான சான்று ஒன்றை வைத்திருப்பார்களே. ராணுவம் தன் விதிப்படி அழித்துவிட்ட ஆவணங்களின் நகல்கள் இந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. போர்க்கால வீரர்களில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் நூறு வயதைத் தொட்டவர்கள். விதவைகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பயனாளி இறந்ததும் கோப்பு முடிக்கப்படும், அப்புறம் ஒரு நாள் பழைய காகிதத்தோடு கழிக்கப்படும். அதற்கு முன் அவற்றை ஸ்கேன் செய்து ஆவணக் காப்பகத்தில் சேர்க்க அரசு உத்தரவிட வேண்டும்.

நடக்காத காரியமில்லை. முதல் உலகப் போருக்குப் போன பஞ்சாபிகள் சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் ஊர்வாரியாக எழுதப்பட்ட பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. பிரிட்டனில் உள்ள பஞ்சாபி மரபுச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை ஸ்கேன் செய்து, 2021 முதல் இணையத்தில் ஏற்றத் தொடங்கின. இன்று ஒரு பஞ்சாபிக் குடும்பம் தங்கள் கிராமத்தின் பெயரைத் தட்டி அந்த ஊரிலிருந்து போனவர்களைப் பார்க்க முடிகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த காகிதத்தையே அவர்களால் கொண்டுவர முடிந்திருக்கிறது. நம் கோப்புகள் நம்முடைய மாவட்டத் தலைநகரங்களிலேயே இருக்கின்றன.

உங்கள் இதழின் வழியாக இந்தக் கோரிக்கை முன்னாள் படைவீரர் நலத் துறையைச் சென்றடைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துறையிடமிருந்து பதில் வந்தால் அதையும் வெளியிடுங்கள். வீட்டில் பதக்கமோ டிஸ்சார்ஜ் புத்தகமோ வைத்திருக்கும் வாசகர்கள் அதிலுள்ள எண்ணை இன்றே ஒரு நோட்டில் எழுதி, படமும் எடுத்து, குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்காவது அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
குடியாத்தம்.