பாப்பாவுக்கு: உளுந்து மாவு கொள்முதல் கணக்கு

மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கொள்முதல் பட்ஜெட்டைப் பார்த்தேன். செப்டம்பர் விற்பனை 10,000 கிலோ, கிலோ அப்பளத்துக்கு 900 கிராம் உளுந்து மாவு, ஆக 9,000 கிலோ வாங்க வேண்டும் என்று போட்டிருக்கிறாய். கோளாறு அங்கேதான். மாவைத் தின்பது உற்பத்தி, விற்பனை அல்ல.

அக்டோபரில் 12,000, நவம்பரில் 9,000 கிலோ விற்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அடுத்த மாத விற்பனையில் 20 சதவீதம் மாசக் கடைசியில் அப்பளமாகக் கையில் இருக்க வேண்டும். அப்படியானால் செப்டம்பர் முடிவில் 2,400 கிலோ. மாசம் பிறக்கும்போது இருப்பது 2,000. பத்தாயிரத்தோடு 2,400 கூட்டி 2,000 கழி. உற்பத்தி 10,400 கிலோ, அதற்கு மாவு 9,360 கிலோ.

இதே கூட்டல் கழித்தலை மாவுக்கும் ஒருமுறை செய். அக்டோபர் உற்பத்தி 12,000-உம் 1,800-உம் கூட்டி 2,400 கழித்து 11,400, மாவு 10,260. அதில் கால்வாசி, 2,565 கிலோ, செப்டம்பர் கடைசியில் குடோனில் நிற்க வேண்டும். ஆரம்ப இருப்பு 2,340. வாங்க வேண்டியது 9,585 கிலோ. கடைக்காரர் 50 கிலோ மூடையை உடைத்துத் தர மாட்டார். 192 மூடை, 9,600 கிலோ. கிலோ 120 ரூபாய் என்றால் 11,52,000 ரூபாய். கூடுதலாக வந்த 15 கிலோவை அக்டோபர் ஆரம்ப இருப்பில் ஏற்ற மறக்காதே.

அந்த 900 கிராமில் சேதாரம் சேர்ந்திருக்கிறதா? வெட்டும்போது விழும் பச்சைத் துண்டு மறுபடி மாவோடு பிசைபடும், அது நட்டமில்லை. காய்ந்தபின் உடைவதுதான் நட்டம். நூற்றுக்கு 3 உடைந்தால் 10,400-ஐ 0.97-ஆல் வகு. 1.03-ஆல் பெருக்கினால் சரக்கு குறையும்.

20, 25 சதவீதம் எல்லாம் கல்வெட்டு இல்லை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் களத்தில் அப்பளம் காயாது. உலர்த்தும் இயந்திரம் இல்லாவிட்டால் அக்டோபர் வேலையில் ஒரு பங்கை செப்டம்பருக்கே இழுக்க வேண்டும், மாவுக் கொள்முதலும் கூடவே வரும். அதற்காக மாவாக அடுக்கி வைக்காதே, வண்டும் சிக்கு வாடையும் வரும். விருதுநகரிலிருந்து பருப்பாக எடுத்து வாராவாரம் அரைப்பது மேல். அப்போது பட்ஜெட்டில் பருப்புக்கு ஒரு வரிசை போட்டு, அரவைக் கழிவையும் சேர்.

விலையைத் தனிப் பத்தியில் வை. பர்மா உளுந்து வரத்தைப் பொறுத்து அது ஆடும். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் உனக்கு 48,000 கூடும்.

கவர் எண்ணிக்கைக் கணக்கு: 100 கிராம் பாக்கெட் என்றால் 1,04,000 கவர். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் கவருக்குக் கட்டும் வரியைத் திரும்ப எடுக்க முடியாது, வரியோடு விலை போடு. சரக்கோடு போகாத, இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் இந்தத் தாளில் வரக்கூடாது.

வாங்கிய மாசத்தில் 40 சதவீதம், மறுமாசம் மீதி என்பதால் செப்டம்பரில் இந்த மாவுக்கு 4,60,800தான் போகும். ஆகஸ்ட் பாக்கியையும் அதோடு சேர்த்துத் தாளைத் திருத்தி அனுப்பு. அதற்கு முன்னால் அந்த 2,340 கிலோ, மூடைகளை எண்ணி எழுதியதா, பழைய நோட்டிலிருந்து எடுத்ததா என்று சொல்.

அன்புடன்,
அப்பா