விறாந்தைக்கு ஆறடி விடுங்கள்

யாழ்ப்பாண நகருக்குள் கடைத்தொகுதி கட்டுகிறவர்களுக்கும், அதற்குக் கனடாவிலும் லண்டனிலும் இருந்து காசு அனுப்புகிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன ஐப்பசியில் ஒரு பின்னேரம், புதிதாக எழும்பிய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் முன்னால் மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கப் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி. தெருவில் இருந்து இரண்டு படி, அதன் பிறகு நேரே கண்ணாடிச் சுவர். மேலே ஒரு முழம் தாழ்வாரம்கூட இல்லை. மேல்படியில் ஏறி, பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டி நின்றேன். காவலுக்கு நின்ற பெடியன் கதவைத் திறந்து, "அம்மா, இதிலை நிக்கேலாது. சாமான் வாங்கிறதெண்டா உள்ளுக்கை வாங்கோ" என்றான். அவனைக் குறைசொல்ல மாட்டேன், அவனுக்குச் சொல்லி வைத்ததை அவன் சொன்னான். உள்ளே போய், ஈரச் சேலையோடு ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டு, செருப்புக் கடைக்கும் போன் கடைக்கும் இடையில் முக்கால் மணித்தியாலம் நடந்தேன். இருக்க ஒரு வாங்கு கிடையாது. சும்மா நிற்கிறேனே என்ற கூச்சத்தில் ஒரு சீப்பு வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே நாலு சீப்பு இருக்கிறது.

ஐந்தாவது சீப்பு எழுதவைத்த மடல் என்று இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஐயா என்னையும் தம்பியையும் சைக்கிளில் ஏற்றி, நகரின் சந்தைப் பகுதியான பெரியகடைக்குக் கூட்டிவருவார். தம்பி முன் பாரில், நான் பின் கரியரில். கடைகளுக்கு முன்னால் ஓடிய விறாந்தைகள்தான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒரு கடையின் விறாந்தை முடிய அடுத்த கடையின் விறாந்தை தொடங்கும். சில இடத்தில் அரை அடி ஏற்றம், சில இடத்தில் இறக்கம், தடுக்காமல் நடக்கத் தெரிந்தவன் வெயில் படாமல் பாதித் தெருவைக் கடந்துவிடுவான். சாக்குகள் வாய் விரிந்து நிற்கும்: செத்தல் மிளகாய், மல்லி, ஒடியல். இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டுவதைப் பார்ப்பதற்கென்றே நான் அடம்பிடித்து நிற்பேன். ஷட்டர் இல்லாத பழைய கடைகளுக்குப் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் வெள்ளைப் பெயின்றில் இலக்கம். கடைப் பெடியன் அவற்றை வரிசை தப்பாமல் காடிக்குள் இறக்கித் தள்ளிக்கொண்டு போவான். எட்டாம் இலக்கம் ஏழுக்கு முந்தினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. எல்லாவற்றையும் கழற்றித் திரும்பத் தொடங்க வேண்டும், முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏசத் தொடங்குவார்.

பள்ளிக்கூடச் சட்டை தைக்கக் கொடுப்பது சோனகத் தெருக்காரர் ஒருவரிடம். நானா என்றுதான் கூப்பிடுவோம். விறாந்தையிலேயே மெஷின் போட்டிருந்தார். அளவெடுக்கும்போது "பிள்ளை வளரும்" என்று சொல்லி இரண்டு அங்குலம் கூட்டி எழுதுவார். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியபோது அவரும் போனார். மெஷின் என்னவானதென்று தெரியாது. பழைய கடைத்தெருவை நினைத்து உருகுகிறவர்கள், நானும்தான், இதையும் சேர்த்து நினைக்க வேண்டும். 1981இல் அந்தச் சந்தைப் பகுதி எரிக்கப்பட்டதை எல்லோரும் சொல்கிறோம். 1990ஐச் சொல்லும்போது குரல் தணிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெரியகடையில் பெண்பிள்ளைக்கு அவசரம் என்றால் போக ஒரு இடம் இல்லை. வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கரியரில் இருந்திருக்கிறேன். 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் என்ற கடைத்தொகுதி திறந்தபோது ஊரே கேஎப்சியையும் சினிமாவையும் பற்றிப் பேசியது. என் பெரியம்மா அங்கே போய்வந்து சொன்ன முதல் சேதி, "பிள்ளை, கக்கூஸ் நல்ல துப்புரவு" என்பதுதான். ஆகவே பெரிய கடைத்தொகுதியே வேண்டாம் என்று கொடிபிடிக்க நான் வரவில்லை.

சொல்லப்போனால் எங்களுக்கு ஒரு காலத்தில் அடைக்கலம் தந்ததே அப்படி ஒரு கட்டடம்தான். அதே ஒக்ரோபர் 30, ஐந்து வருடம் கழித்து, 1995இல் சண்டை நெருங்க, யாழ்ப்பாண நகரமும் சேர்ந்த வலிகாமத்தைவிட்டு மழைக்குள் நடந்தோம். அடுத்த வருடம் எப்படியோ கொழும்பு போய்ச் சேர்ந்து, வெள்ளவத்தையில் லொட்ஜ் அறை ஒன்றில் நாலு பேர். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வெளியே இறங்கப் பயம், அறைக்குள் இருக்கப் புழுக்கம். பின்னேரங்களில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பம்பலப்பிட்டி மெஜஸ்ரிக் சிற்றிக்கு நடப்பார். 1991இல் திறந்தது, அப்போது புத்தம் புதுசு மாதிரித்தான். நடுவில் மேல்வரைக்கும் திறந்த வெளி, குறுக்கும் நெடுக்கும் நகரும் படிகள். முதல் நாள் அம்மா படியின் முன்னால் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கிணற்றுக்குள் இறங்குவதுபோல ஒரு காலை நீட்டி நீட்டி இழுத்தார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. யாரோ ஒரு சிங்களப் பொம்பிளை அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டா. மேலே போய்ச் சேர்ந்ததும் அம்மா சிரித்தார். யாழ்ப்பாணத்தைவிட்டு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஒரு நாளும் ஒன்றும் வாங்கவில்லை. மேல்தளக் கம்பியில் சாய்ந்து கீழே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்போம். யாரும் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை.

என் தம்பி 1991இலேயே ரொறன்ரோ போய்விட்டான். அவனுக்கும் இதே வியாதி. பழைய மோல்களின் படங்களை இரவிரவாக அனுப்புவான்: செங்கல் நிற ஓடு பதித்த தரை, கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயில், தொட்டிச் செடிகள், ஒரு சதக் குற்றி எறிகிற நீரூற்று, பனிக்காலத்தில் அதைச் சுற்றி இருக்கும் எங்கடை அப்புமார். அந்த நீரூற்றுகளைப் பல இடங்களில் மூடிவிட்டார்களாம், வாங்குகள் இருந்த இடத்தில் போன் உறை விற்கும் தட்டிக் கடைகளாம். ரொறன்ரோ ஈட்டன் சென்ரர் மோல் பற்றி அவன் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1977இல் திறந்த கட்டடம், மிலான் நகரத்துப் பழைய கண்ணாடிக் கூரைக் கடைத்தெருவை மனதில் வைத்துக் கட்டியது. உள்ளே மைக்கல் ஸ்னோ என்ற கலைஞர் செய்த 60 வாத்துகள் கூட்டமாகப் பறந்து இறங்குவதுபோலத் தொங்குகின்றன. ஒரு நத்தாருக்கு நிர்வாகம் அவற்றின் கழுத்தில் சிவப்பு றிபன் கட்டிவிட, மனுசன் வழக்குப் போட்டு, 1982இல் வென்று, கழற்ற வைத்தார். கட்டடத்துக்குப் பெயர் தந்த ஈட்டன்ஸ் கடை 1999இல் முறிந்துபோனது. வாத்துகள் இன்னும் பறக்கின்றன.

அப்படிப்பட்ட தம்பி, நண்பர்களோடு சேர்ந்து இங்கே கட்டப்போகும் தொகுதியின் வரைபடத்தைப் போன மாதம் எனக்கு அனுப்பினான். விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் கடை, மேலே கடை, படிக்குக் கீழேயும் கடை. வெயிலோ மழையோ உள்ளே எட்டிப்பார்க்க வழியில்லை. மேற்கு முகத்துக்கு முழுக்க நீலக் கண்ணாடி. அங்கே அவன் எதை நினைத்து ஏங்குகிறானோ, அதில் ஒன்றுகூட இங்கே அனுப்பிய தாளில் இல்லை. போனில் கேட்டேன். "அக்கா, சதுர அடிக்கு என்ன விலை தெரியுமே?" என்றான். தெரியும்.

இந்த மூடிய மோலைத் தொடக்கிவைத்த விக்ரர் குரூவன், வியன்னாவில் இருந்து அமெரிக்காவுக்கு ஓடிப்போன அகதி. 1956இல் மினசோட்டாவில் அவர் கட்டிய சவுத்டேலின் நடுவில் மீன்தொட்டியும் பறவைக் கூண்டும் இருந்தன. வெளியே கடும் குளிர், ஆகவே உள்ளே ஒரு ஊர் முற்றம். அந்தப் பெட்டியை மூடியதற்கு அங்கே காரணம் இருந்தது. எங்களுக்கு இருப்பது சித்திரை வெயிலும் சோழகக் காற்றும் ஐப்பசி மழையும். மேற்குக் கண்ணாடி பின்னேர வெயிலை வாங்கி உள்ளே அடைத்துக்கொள்ளும், அதைக் குளிராக்க மின்சாரம் வேண்டும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அதற்கு முன் தொண்ணூறுகளில் வருடக்கணக்கில் கரண்ட்டே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் யாவாரம் நடந்த ஊர் இது. பலகைக் கதவைக் கழற்றினால் காற்று வந்தது. உங்கள் கண்ணாடியில் திறக்கிற பக்கம் எது?

பழைய பெரியகடையைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. முன் சுவரை ஆறடி உள்ளே தள்ளுங்கள், மேலே கூரை போடுங்கள், அவ்வளவுதான். பக்கத்துக் காணிக்காரரோடு கதைத்து இரண்டு விறாந்தையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. அது எங்கள் ஊரில் வழக்குப் போகாமல் நடக்குமா என்பது வேறு கதை. உள்ளே முதுகு சாய்கிற மாதிரி நாலு வாங்கு. நடுவில் வானம் தெரிய ஒரு துண்டு. வாடகை தராத அழகான சாமான் ஒன்று, வாத்தோ வேறெதுவோ, உங்கள் விருப்பம்.

தம்பிக்கும் இதைத்தான் எழுதியிருக்கிறேன், வாசித்துவிட்டான் என்று போனில் நீல ரிக்தான் வந்திருக்கிறது, பதில் வரவில்லை. அத்திவாரம் வெட்டத் தொடங்கியதும் எனக்குச் சொல்லுங்கள். வரும் ஐப்பசியில் ஒரு பின்னேரம் குடையில்லாமல் வருவேன்.

இப்படிக்கு,
ஆரியகுளத்தடியில் இருந்து ஒருத்தி