ஈரத்துணியில் எட்டுக் கொட்டைகள்

திருப்பாதிரிப்புலியூர்
ஆனி 30

அன்புள்ள சேகருக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஐந்து மாதமாக ஒரு வரி எழுதாததற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஆனால் அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. உன்னை விட்டுவிட்டுக் கொல்லிமலைக்குப் போய் வந்துவிட்டேன்.

1994-ல் தேவனாம்பட்டினம் மணலில் குச்சியால் வழி வரைந்தோமே, நினைவிருக்கிறதா? விருத்தாசலம், ஆத்தூர், ராசிபுரம், காரவள்ளி. உன் சித்தப்பாவின் புல்லட்டில் போவதாகத் திட்டம். இன்று புல்லட்டும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. போன வாரம் மைத்துனன் காரோடு வந்து நின்று, நாளைக்கே கிளம்பலாம் என்றான். உனக்கு லீவு கிடைக்காது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

நாம் வரைந்த அதே வழியில்தான் போனோம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, வடலூரில் இட்லி. காரவள்ளி வரை சாதாரண சாலைதான். அதன்பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் பத்தைப் பிள்ளைகள் கூச்சலிட்டு எண்ணினார்கள். முப்பதுக்கு மேல் சத்தமே இல்லை. இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே ஏற வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்கி வழி விட வேண்டும் என்பது மலைச் சாலையின் தர்மம். அதைக் காற்றில் விட்டுவிட்டு வந்த ஒரு வேனால் நாற்பத்தோராம் வளைவில் எனக்கு உயிர் போய் வந்தது. கலா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. ஐம்பதைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கினோம். உள்ளே வந்த காற்றை எப்படி எழுதுவேன்? ஆனி மாதத்துக் கடலூரில் வெந்துகொண்டிருந்தவனுக்கு அது மழைக்கு முந்திய மாலை மாதிரி இருந்தது.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. ஓரியைக் கொன்ற காரி திருக்கோவலூரை ஆண்ட நம் பெண்ணையாற்றுக்காரன் அல்லவா? கோபி வந்திருந்தால் சிலைக்கு முன்னாலேயே வழக்காடத் தொடங்கியிருப்பான், நீ எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருப்பாய். அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு, ஏறத்தாழ ஆயிரம் படி இறங்கி ஆகாய கங்கையில் குளித்தோம். ஐயாறு முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. தோளில் வாங்கினால் அடி மாதிரியே இருக்கிறது. பாறை இடுக்கெல்லாம் மது பாட்டில் சில்லு. பிள்ளைகளைச் செருப்பைக் கழற்ற விடவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இதையெல்லாம் சொல்வதற்காக மட்டும் இந்தக் கடிதம் எழுதவில்லை, சேகர்.

சோளக்காட்டைத் தாண்டி ஒரு சிற்றூரில், கலாவுக்குத் தலை சுற்றியதால் வண்டியை நிறுத்தினோம். ஒரு வீட்டு வாசலில் பலா மரம். அடிமரத்தை இரண்டு பேர் சேர்ந்து கட்டினாலும் கை எட்டாது. அதில் மிளகுக் கொடி சுற்றி உச்சி வரை ஏறியிருக்கிறது. அந்த இலைகளை விலக்கிக்கொண்டு பழங்கள் தொங்குகின்றன. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு பழத்தைத் தட்டினார், காது கொடுத்தார், இன்னும் இரண்டு நாள் என்றார். அடுத்ததைத் தட்டினார். அது தொம்மென்று சொன்னது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பிளந்து, வழிந்த பாலை வைக்கோலால் துடைத்து, சுளையை எடுத்து முதலில் கலாவின் கையில் வைத்தார்.

எந்த ஊர் என்றார். கடலூர், பண்ருட்டிக்குப் பக்கம் என்றேன். "பலா ஊர்க்காரர்களுக்கா நான் பலா தருகிறேன்!" என்று சிரித்தார். பிறகு, "உங்கள் ஊர் மரமெல்லாம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குச் சுளை தொண்டையில் இறங்கவில்லை.

காடாம்புலியூர்க் கொல்லைதான் கண்முன் வந்து நின்றது. 2011 டிசம்பர் 30, தானே புயல். மறுநாள் நாம் போனபோது உன் அப்பாவின் பதினோரு மரமும் வேரோடு மல்லாந்து கிடந்தன. முந்திரியும் தப்பவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் வேரில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் உதிர்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு சவுக்கு போட்டீர்கள், வெட்டினீர்கள், இப்போது சும்மா கிடக்கிறது. இரண்டு மாதமாக நீ அதற்கு விலை பேசிக்கொண்டிருப்பதாக உன் அண்ணன் சொன்னார். என்னிடம் நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். ஐந்து மாதம் வாய் மூடியிருந்தவன் நான்.

ஆனால் விற்காதே. உன் மகளின் படிப்புச் செலவு எனக்குத் தெரியும். பாதிக் காணி போனால் போகட்டும், கிணற்றுப் பக்கத்துக் காணியையாவது வைத்துக்கொள். பாலூர் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒட்டுக் கன்று கேட்கிறேன். ஒட்டு என்றால் நாலைந்து வருடத்தில் காய்த்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை நான் போய்த் தண்ணீர் விடுகிறேன். இங்கிருந்து எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. மிளகு நம் மண்ணில் வருமா என்பதைப் பிறகு பார்க்கலாம், பலா வரும் என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அந்த அம்மா கொடுத்த பழத்தின் கொட்டைகளில் எட்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். மற்றதைக் கலா சாம்பாரில் போட்டுவிட்டாள். பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது. அதனால் ஈரத்துணியில் சுற்றி மண்பானைக்கு அடியில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். ஆடி பிறந்ததும் ஊன்ற வேண்டும், நாள் தள்ளினால் வீரியம் போய்விடும். கொல்லைக் கதவின் சாவி உன் அண்ணனிடம்தான் இருக்கிறது. நீ சொல்லாமல் அவர் தரமாட்டார். கடிதம் கிடைத்த அன்றே அவருக்கு ஒரு போன் செய்.

உன்
முருகன்